இரண்டு சூளைச் செங்கல், ஒரே சுவர்: குறைக்கடத்திக் கலவைப் படிகங்கள் எப்படி வளர்கின்றன?

சிக்னல் கம்பத்தில் எரியும் சிவப்பு எல்.இ.டி.யும் பச்சை எல்.இ.டி.யும் வேறு வேறு பொருள்கள். சிவப்பில் அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பரஸ் இருக்கின்றன. பச்சையில் இண்டியம், காலியம், நைட்ரஜன். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் நிறம் பெரிய விஷயமே இல்லை. உள்ளே கடுகளவு உட்கார்ந்திருக்கும் சிப்பில் எந்தத் தனிமங்கள், எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் ஒளியின் நிறத்தை முடிவு செய்கிறது.

இதுவரை பலருக்கும் தெரியும். குழப்பம் இதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. "காலியத்துடன் இண்டியத்தைக் கலந்து செய்கிறார்கள்" என்று எழுதியதும் படிப்பவர் மனதில் ஒரு உலை வந்துவிடுகிறது. இரண்டையும் போட்டு உருக்கி, கலக்கி, ஆறவைத்தால் முடிந்தது என்று தோன்றும். பித்தளை அப்படித்தான் வருகிறது. எல்.இ.டி. சிப்பில் இருப்பது குறைக்கடத்தி, அதாவது சிலிக்கானைப் போல மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பொருள். குறைக்கடத்திக் கலவை அப்படி வராது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளிப் பாடத்தில் சிலிக்கானோடு பாஸ்பரஸோ போரானோ சேர்ப்பதைப் படித்திருப்போம். அது மாசூட்டல். அங்கே சேர்க்கும் அளவு லட்சத்தில் ஓர் அணு, கோடியில் ஓர் அணு என்ற கணக்கு. மின்சாரம் எப்படிப் பாயும் என்பதை அது மாற்றும். பொருள் சிலிக்கானாகவே இருக்கும். கலவை என்பது வேறு. அதில் நூற்றுக்குப் பத்து, இருபது, ஐம்பது என்று அணுக்களை மாற்றுகிறோம். பொருளே மாறிவிடுகிறது.

முதலில் படிகம்

அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டு, அந்த ஒழுங்கு எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது படிகம். திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். அந்தப் பெட்டியின் பக்க நீளம்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் தொல்லை கொடுக்கப்போகிற எண். அதைக் கூட்டின் நீளம் என்றே சொல்லிக்கொள்வோம்.

காலியம் ஆர்சனைடை எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு வகை இருக்கைகள் உண்டு: காலியம் உட்காரும் இடம், ஆர்சனிக் உட்காரும் இடம். ஒவ்வொரு காலியத்தையும் சுற்றி நான்கு ஆர்சனிக், ஒவ்வொரு ஆர்சனிக்கையும் சுற்றி நான்கு காலியம். கூட்டின் நீளம் 0.5653 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது இதில் அலுமினியத்தைச் சேர்க்கிறோம். அலுமினியம் கண்ட இடத்தில் போய் நுழையாது. காலியத்தின் இருக்கையில் மட்டும்தான் உட்காரும். காரணம் எளிது. காலியத்துக்கும் அலுமினியத்துக்கும் வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள், ஆர்சனிக்குக்கு ஐந்து. மூன்றும் ஐந்தும் சேர்ந்து எட்டு வந்தால்தான் நான்கு பிணைப்புகளும் முழுமையாகும். ஆகவே "20 சதவீதம் அலுமினியம்" என்றால் காலியத்துக்கான இருக்கைகளில் ஐந்தில் ஒன்றை அலுமினியம் பிடித்திருக்கிறது என்று பொருள். ஆர்சனிக் பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை.

எந்த ஐந்தில் ஒன்று? அது குலுக்கல் மாதிரி. முறையான வரிசை கிடையாது. ஆனால் இருக்கைகளின் ஒழுங்கு கலையாமல் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் காலியம் ஆர்சனைடுத் துண்டு, இன்னொரு பக்கம் அலுமினியம் ஆர்சனைடுத் துண்டு என்று பிரிந்திருந்தால் அதை நல்ல கலவை என்று சொல்ல மாட்டார்கள். முழுக்க ஒரே படிகம், இருக்கைகளில் மட்டும் ஆள் மாறாட்டம்.

செங்கல் கணக்கு

ஒரு கொத்தனாருக்கு இரண்டு சூளைகளிலிருந்து செங்கல் வருகிறது. ஒரு சூளைக் கல் கொஞ்சம் சிறியது, மற்றது கொஞ்சம் பெரியது. இரண்டையும் கலந்து ஒரு வரி கட்டினால் அந்த வரியின் நீளம் என்ன? எத்தனை சிறிய கல், எத்தனை பெரிய கல் என்பதைப் பொறுத்த சராசரி.

கலவைப் படிகத்திலும் கூட்டின் நீளம் ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது. நார்வே நாட்டு இயற்பியலாளர் லார்ஸ் வேகார்ட் 1921-ல் உப்புப் படிகங்களில் இதைக் கண்டு எழுதினார். அவர் பெயரால் வேகார்ட் விதி என்கிறார்கள். காலியம் ஆர்சனைடுக்கு 0.5653, இண்டியம் ஆர்சனைடுக்கு 0.6058. பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டுக்கும் நடுவில், 0.5856 பக்கம் வரும்.

உவமை இதற்கு மேல் கொஞ்சம் இடறும், அந்த இடறலைச் சொல்லாமல் போக மனமில்லை. கூட்டின் நீளம் சராசரியாகிறது என்றால், உள்ளே ஒவ்வொரு பிணைப்பின் நீளமும் சராசரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1982-ல் மிக்கெல்சன், பாய்ஸ் என்ற இருவர் எக்ஸ் கதிரை வைத்து இண்டியம் காலியம் ஆர்சனைடுக்குள் பிணைப்புகளைத் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். காலியம்–ஆர்சனிக் பிணைப்பு தன் பழைய நீளமான 0.245 நானோமீட்டரை ஒட்டியே இருந்தது. இண்டியம்–ஆர்சனிக் பிணைப்பும் தன் 0.262-ஐ அவ்வளவாக விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் கூடு மட்டும் எப்படிச் சராசரியானது? பிணைப்புகளுக்கு இடையே உள்ள கோணங்கள் வளைந்து கொடுக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்கான படிகம். கிட்டே போனால் ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலிருந்து ஒரு துளி விலகி, நெளிந்துதான் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் இப்படி நெளியாது.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கலவை என்பது ஒரே படிகம், ஒரு வகை இருக்கையை இரண்டு தனிமங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, கூட்டின் நீளம் விகிதத்துக்கு ஏற்ப நகர்கிறது.

எதற்காக இந்தப் பாடு

குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் இரண்டு கூட்டமாக இருக்கும். நடுவே எலக்ட்ரான் நிற்கவே முடியாத ஒரு வெற்றிடம். அதுதான் ஆற்றல் இடைவெளி. மேலே இருக்கும் எலக்ட்ரான் கீழே விழும்போது அந்த இடைவெளி அளவு ஆற்றலை ஒளியாக விட்டுவிடும். இடைவெளி பெரிதானால் ஒளி நீலத்தை நோக்கிப் போகும், சிறிதானால் சிவப்பைத் தாண்டி அகச்சிவப்புக்குப் போகும். 1240-ஐ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) கணக்கில் உள்ள இடைவெளியால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்.

காலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42. வகுத்தால் சுமார் 870 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் இடைவெளியைப் பெரிதாக்க வேண்டும். 1962-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் அதைத்தான் செய்தார். அவர் ஆர்சனிக் இருக்கைகளில் சிலவற்றைப் பாஸ்பரஸுக்குக் கொடுத்தார். காலியம் ஆர்சனைடு பாஸ்பைடு என்ற அந்தக் கலவை சிவப்பாக ஒளிர்ந்தது. விகிதத்தைத் திருகினால் நிறம் நகர்கிறது என்பது அப்போது கண்முன்னே தெரிந்தது.

இங்கும் ஒரு சிறு கோணல் உண்டு. கூட்டின் நீளம் சராசரிப்படி நடந்துகொள்வது போல ஆற்றல் இடைவெளி நடந்துகொள்ளாது. 53 சதவீதம் இண்டியமும் 47 சதவீதம் காலியமும் உள்ள ஆர்சனைடில், நேர்க்கோட்டுக் கணக்குப்படி இடைவெளி 0.86 வர வேண்டும். உண்மையில் 0.74 அளவில்தான் இருக்கிறது. நடுவில் கொடி தொய்வது போலத் தொய்கிறது. அந்தத் தொய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் நிறம் தப்பிவிடும்.

உருக்கினால் என்ன ஆகும்

சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் சேர்த்து உருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் திரவத்தில் நன்றாகவே கலக்கும். சிக்கல் உறையும்போதுதான். சிலிக்கான் 1414 டிகிரி செல்சியஸில் உருகும், ஜெர்மானியம் 938 டிகிரியில். ஆறத் தொடங்கியதும் முதலில் உறையும் பகுதி சிலிக்கானை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. மிஞ்சிய திரவத்தில் ஜெர்மானியத்தின் பங்கு ஏறுகிறது. அதனால் அடுத்து உறையும் பகுதியில் விகிதம் வேறு, அதற்கடுத்ததில் இன்னும் வேறு. கடைசியில் கிடைக்கும் கட்டியின் தலைப்பக்கமும் வால்பக்கமும் வெவ்வேறு பொருளாக இருக்கும்.

மருந்து போல ஒரே விகிதம் வேண்டிய இடத்தில் இது உதவாது. அதனால் பெரிய கட்டியாக வளர்த்து, வட்டத் தகடுகளாக அறுத்து விற்பவை பெரும்பாலும் கலவை அல்லாதவை: சிலிக்கான், ஜெர்மானியம், காலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு போன்றவை. இந்தத் தகடுக்கு வேஃபர் என்று பெயர். கலவையை அந்த வேஃபரின் மேல் மெல்லிய அடுக்காக வளர்க்கிறார்கள். கீழே உள்ள படிகத்தின் ஒழுங்கை மேலே வரும் அடுக்கு அப்படியே பின்பற்றி வளர்வதற்குத்தான் எபிடாக்சி என்று பெயர்.

அடுக்கு எப்படி வளர்கிறது

இன்று தொழிற்சாலைகளில் அதிகம் நடப்பது வாயு வழி. 1968-ல் அமெரிக்காவில் ஹரால்ட் மனசெவிட் காட்டிய முறை. உலோகத்தை நேரடியாக அனுப்ப முடியாது. அதனால் காலியத்தோடு மூன்று மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது ஒரு தொகுதி) ஒட்டவைத்து எளிதில் ஆவியாகும் சேர்மமாக்குகிறார்கள். இண்டியத்துக்கும் அப்படியே. ஹைட்ரஜன் இதைச் சுமந்து வரும், கூடவே ஆர்சனிக்கைக் கொண்டுவரும் ஆர்சைன் வாயு. வேஃபர் 600, 700 டிகிரி சூட்டில் இருக்கும். சூடான பரப்பைத் தொட்டதும் சேர்மங்கள் உடைந்து, காலியமும் ஆர்சனிக்கும் அங்கேயே தங்க, மெத்தில் தொகுதி மீத்தேனாகப் பறந்துவிடும். ஆர்சைன் கொடிய விஷம். இந்தக் கருவி இருக்கும் அறையில் வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளுக்கே தனிச் செலவு உண்டு.

இன்னொன்று மூலக்கூறுக் கற்றை எபிடாக்சி. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் சோவும் ஜான் ஆர்தரும் வளர்த்தெடுத்தது. வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றிடத்தில், தனித்தனிச் சிறு உலைகளிலிருந்து அணுக்கள் கற்றையாக வந்து வேஃபரில் படியும். ஒவ்வோர் உலைக்கும் முன்னால் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் அந்தத் தனிமம் வரும், மூடினால் நிற்கும். வேகம் மணிக்கு ஒரு மைக்ரோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஓர் அடுக்கு. பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் அடுக்கை எண்ணி எண்ணி வளர்க்க முடிவது இந்த மெதுவால்தான்.

எந்த வழியில் வந்தாலும் பரப்பில் நடப்பது ஒன்றே. வந்திறங்கிய அணு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்வதில்லை. கொஞ்ச தூரம் அலைகிறது. பாதி முடிந்த அடுக்கின் விளிம்பு ஒன்று எதிர்ப்பட்டால், அங்கே ஒரே நேரத்தில் அதிகப் பிணைப்புகள் கிடைப்பதால், அங்கே சேர்ந்துவிடுகிறது. விளிம்பு நகர்ந்து நகர்ந்து அடுக்கு நிறைகிறது.

அதனால் சூடுதான் இங்கே எல்லாம். சூடு குறைந்தால் அணுவால் அலைய முடியாது; விழுந்த இடத்திலேயே கிடந்து பரப்பு கரடுமுரடாகும். கூடினால் ஒட்டிய அணுவே திரும்ப எழும்பிப் போய்விடும். கலவையில் இது இரட்டைத் தலைவலி, ஏனென்றால் இரண்டு தனிமங்களுக்கும் வசதியான சூடு ஒன்றாக இருப்பதில்லை. வாயுவில் நாம் அனுப்பும் விகிதம் ஒன்று, படிகத்தில் வந்து சேரும் விகிதம் இன்னொன்று என்று ஆவதற்கு இதுவே காரணம்.

அணுக்கள் குலுக்கல் முறையில் உட்காரும் என்று மேலே சொன்னேன். எப்போதும் அப்படி இல்லை. 1980-களில் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தில் காலியம் இண்டியம் பாஸ்பைடு வளர்த்தவர்கள், விகிதம் ஒன்றாகவே இருந்தும் வளர்த்த சூழ்நிலைக்கு ஏற்ப ஒளியின் நிறம் லேசாக மாறுவதைக் கண்டார்கள். சில சூழ்நிலைகளில் காலியமும் இண்டியமும் கலந்து உட்காராமல், ஒரு தளத்தில் காலியம் அதிகம், அடுத்த தளத்தில் இண்டியம் அதிகம் என்று தாமாகவே மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தன. அந்த ஒழுங்கே ஆற்றல் இடைவெளியைச் சுருக்கிவிட்டது. ஆகவே "எவ்வளவு கலந்தீர்கள்" என்ற கேள்வியோடு "எப்படி வளர்த்தீர்கள்" என்பதையும் கேட்டாக வேண்டும்.

கீழ் வரியும் மேல் வரியும்

செங்கலுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு கல்லும் கீழ்க் கல்லின் நேர் மேலே உட்கார வேண்டும் என்பது நிபந்தனை (எந்தக் கொத்தனாரும் இப்படிக் கட்ட மாட்டார், கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்). மேல் வரிக்கு வந்த கல் 4 சதவீதம் பெரியது. முதல் கல் சரியாக உட்காரும், இரண்டாவது துளி தள்ளும், இருபத்தைந்தாவது வருவதற்குள் ஒரு கல் அளவுக்கே தள்ளிவிடும்.

சிலிக்கானும் ஜெர்மானியமும் ஏறக்குறைய இதே நிலைமைதான்: 0.5431, 0.5658. வித்தியாசம் 4.2 சதவீதம். சிலிக்கான் வேஃபரின் மேல் பெரிய அணுக்களை அடுக்கும்போது, முதலில் அவை பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, கீழ் ஒழுங்குக்கு ஒத்துப்போகின்றன. இந்த நெருக்கடிக்குத் திரிபு என்று பெயர். அடுக்கு தடிக்கத் தடிக்க நெருக்கடியின் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் படிகத்தால் தாங்க முடியாது; அங்கங்கே ஓர் அணு வரிசையையே விட்டுவிட்டு ஆசுவாசப்படுத்திக்கொள்ளும். அப்படி அறுந்துபோன வரிசையின் ஓரம்தான் இடப்பிறழ்வு. இது நேரும் தடிமன், வித்தியாசத்தைப் பொறுத்து, சில அடுக்குகளிலிருந்து பல பத்து நானோமீட்டர் வரை இருக்கலாம்.

இடப்பிறழ்வால் என்ன கெடுதல்? அங்கே வரும் எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒளியாக விடாமல் வெப்பமாக விட்டுவிடும். லேசர் செய்யப் போனால் அந்த இடத்திலிருந்தே கெடத் தொடங்கும்.

இப்போது காலியம் ஆர்சனைடு, அலுமினியம் ஆர்சனைடு எண்களைப் பாருங்கள்: 0.5653, 0.5661. வித்தியாசம் 0.14 சதவீதம்தான். எந்த விகிதத்தில் கலந்தாலும் காலியம் ஆர்சனைடு வேஃபரின் மேல் சண்டையில்லாமல் உட்காரும். இது யாருடைய சாமர்த்தியமும் இல்லை, இயற்கை கொடுத்த அதிர்ஷ்டம். 1970-ல் லெனின்கிராடில் ஷோரெஸ் அல்ஃபெரோவின் குழுவும், பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரியும் லேசரைச் செய்துகாட்டியது இந்த ஜோடியை வைத்துத்தான். அல்ஃபெரோவுக்கும், இத்தகைய அடுக்கு அமைப்பின் கோட்பாட்டைச் சொன்ன ஹெர்பர்ட் குரோமருக்கும் 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்ற கலவைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேலே 53, 47 என்று ஒரு விசித்திர விகிதம் வந்ததே, அது ஏன் 50, 50 இல்லை? இண்டியம் பாஸ்பைடு வேஃபரின் கூட்டு நீளம் 0.5869. இண்டியம் காலியம் ஆர்சனைடு அந்த நீளத்துக்கு வருவது 53 சதவீத இண்டியத்தில்தான். விகிதத்தை வேஃபர் முடிவு செய்துவிட்டது. இந்தக் கலவை ஒளியிழையில் 1550 நானோமீட்டரில் வரும் சைகையைப் பிடிக்க அருமையாகப் பொருந்தியது. இணைய இணைப்பின் மறுமுனையில் ஒளியை மின்சாரமாக்கும் உணரிகளில் இதுதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபடுவது இதுதான். வேண்டிய நிறத்துக்கு வேண்டிய விகிதம் என்று மேசைமேல் கணக்குப் போட்டுவிடலாம். அதைத் தாங்க ஒரு வேஃபர் இருந்தால்தான் அது பொருளாகும். இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவ ஒரு வழி, நான்காவது தனிமத்தைச் சேர்ப்பது. காலியத்தையும் இண்டியத்தையும் ஒரு பக்கம், ஆர்சனிக்கையும் பாஸ்பரஸையும் மறுபக்கம் மாற்றினால், கூட்டின் நீளத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஆற்றல் இடைவெளியை மட்டும் நகர்த்தலாம். ஒளியிழைத் தொடர்பின் லேசர்கள் பலவும் இப்படிப் பிறந்தவை. இன்னொரு வழி, அடுக்கை மெல்லியதாக வைத்துத் திரிபையே பயன்படுத்திக்கொள்வது. இன்டெல் 2004-ல் சந்தைக்குக் கொண்டுவந்த 90 நானோமீட்டர் சிப்களில் சிலிக்கான் ஜெர்மானியத்தை வேண்டுமென்றே பதித்து, பக்கத்துச் சிலிக்கானை நெருக்கி, மின்னோட்டத்தை வேகப்படுத்தினார்கள்.

விதியை மீறிய நீலம்

காலியம் நைட்ரைடு இந்தப் பாடம் எல்லாவற்றையும் மீறியது. அதற்கு மலிவான சொந்த வேஃபர் கிடையாது. கிடைத்தது நீலக்கல் எனப்படும் அலுமினியம் ஆக்சைடுப் படிகம். வித்தியாசம் சுமார் 16 சதவீதம். ஜப்பானின் நாகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் 1986-ல், குறைந்த சூட்டில் அலுமினியம் நைட்ரைடு அடுக்கு ஒன்றை மெத்தை போலப் போட்டு, அதன் மேல் நல்ல படிகம் வளர்த்தார்கள். நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா வேறு வழியில் முயன்று 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். மூவருக்கும் 2014-ல் நோபல். அப்படி வளர்ந்த படிகத்திலும் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கு மேல் இடப்பிறழ்வுகள். காலியம் ஆர்சனைடில் இவ்வளவு இருந்தால் ஒளியே வராது. இங்கே வந்தது. கலவையில் இண்டியம் சீராகப் பரவாமல் சில இடங்களில் துளி அதிகமாக இருப்பதால் எலக்ட்ரான்கள் அங்கேயே தங்கி, இடப்பிறழ்வுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒளியாகிவிடுகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனாலும் இண்டியத்தோடு மல்லுக்கட்டு தீரவில்லை. இண்டியம் நைட்ரைடின் கூடு காலியம் நைட்ரைடுடையதை விட 11 சதவீதம் அகலம். காலியம் நைட்ரைடு நன்றாக வளர 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் இண்டியம் நிற்காது, அதனால் கலவை அடுக்கை 700, 800 டிகிரிக்கு இறக்கித்தான் வளர்க்கிறார்கள். நீலத்துக்குச் சுமார் 15 சதவீதம் இண்டியம் போதும். பச்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அவ்வளவு இண்டியத்தை உள்ளே அடக்க இன்னும் சூட்டைக் குறைக்க வேண்டும், குறைத்தால் படிகத்தின் தரம் இறங்கும், திரிபும் ஏறும். மறுபக்கம் சிவப்பைத் தரும் பாஸ்பைடுக் கலவையைப் பச்சை நோக்கி இழுத்தால் அதன் ஒளித்திறன் சரிந்துவிடுகிறது. இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே பச்சை அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நேரடியாகப் பச்சை ஒளி தரும் லேசர் டையோடுகள் 2009-ல்தான் தலைகாட்டின. அதற்கு முன் கடைகளில் விற்ற பச்சை லேசர் பேனாக்களுக்குள் பச்சைக் குறைக்கடத்தி எதுவுமே இருக்கவில்லை. காலியம் ஆர்சனைடு குடும்பத்து டையோடு ஒன்று 808 நானோமீட்டர் அகச்சிவப்பைக் கொடுக்கும். அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டராக்கும். இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே விடும். விலை குறைந்த பேனாக்கள் பலவற்றில் இன்றும் அதே ஏற்பாடுதான்.